ரூட் மறுகேள்வி கேட்காது

சர்வர் அறையில் நடுப்பகலிலும் விரல் விறைக்கும் குளிர். விசைப்பலகை மட்டும், யாரோ இப்போதுதான் கையை எடுத்தது போல, வெதுவெதுப்பாக இருந்தது.

அவள் அட்டையைத் தேய்த்து உள்ளே வந்து ஒரு நிமிடம்தான் ஆகியிருந்தது. விடுமுறை நாள். வாசல் காவலாளியைத் தவிர அலுவலகத்தில் யாரும் இல்லை. உட்கார்ந்து, ரூட் கணக்கில் நுழைந்தாள். எதையும் திறக்கவும் அழிக்கவும் அதிகாரமுள்ள கணக்கு. இந்த அறையின் கதவுகூட அதன் சொல்லைத்தான் கேட்கும். கடவுச்சொல்லை அடித்தபோது வழக்கம்போலத் திரையில் ஒரு புள்ளிகூடத் தெரியவில்லை. பிறகு ஒரு வரி வந்தது.

கடைசி உள்நுழைவு: இன்று 12:29, இதே மேசையிலிருந்து.

சுவர்க் கடிகாரத்தில் 12:31. அந்தக் கடவுச்சொல் தெரிந்த இன்னொருவர், எல்லோரும் ‘கண்ணாடி சார்’ என்று கூப்பிட்ட பழைய நிர்வாகி, போன மாதம் இறந்துவிட்டார். அவருடைய கணக்கை அழிக்கத்தான் அவள் வந்திருந்தாள்.

செல்பேசி அதிர்ந்தது. அவருடைய மனைவி. நான்காவது முறை.

“அம்மாடி, பொண்ணுக்காக அவர் பாடிவச்ச பாட்டு... ஆபீஸ் கம்ப்யூட்டர்லதானே இருக்கு? இன்னிக்காவது எடுத்துத் தர முடியுமா? நீங்க எல்லாம் ஒரே ஜாதி! அவரும் ‘இதோ ரெண்டே நிமிஷம்’பார், விடிஞ்சிடும்.” சிரித்தவளின் குரல் பாதியில் உடைந்தது.

பாட்டு அவள் கண்ணெதிரே, திரையில் அவருடைய கோப்புப் பட்டியலின் முதல் வரியில் இருந்தது. உண்மையாகவே இரண்டு நிமிட வேலை. கடவுள் மனிதரிடம் கேட்பது பெரும்பாலும் அவ்வளவுதான்.

“அதெல்லாம் எப்பவோ அழிஞ்சுபோச்சுக்கா. இனி கூப்பிடாதீங்க.”

அழைப்பைத் துண்டித்தாள். அழிக்கும் கட்டளையை அடித்தாள். சாதாரணக் கணக்கென்றால் ‘நிச்சயமா?’ என்று ஒருமுறை கேட்கும். ரூட் கேட்காது.

வரிகள் ஓடத் தொடங்கின. மின்விசிறிகளின் இரைச்சல் மெல்லத் தணிந்தது. ஓடிய பெயர்கள் அவருடையவை அல்ல. அவளுடையவை. அவள் சேமித்த படங்கள். மகளின் முதல் பிறந்தநாள். அவளது வருகைப் பதிவு. அவளது கதவு அட்டை.

நிறுத்தும் விசையைத் தேடினாள். அது ஏற்கெனவே அழுந்தியிருந்தது. மேலே வரவில்லை. சுட்டது.

கதவுக்கு ஓடினாள். அட்டை. சிவப்பு. மறுபடி. சிவப்பு.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே காவலாளி வந்தார். அவள் இரு கைகளாலும் அறைந்தாள். “அண்ணே! அண்ணே, திறங்க!”

அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். அவளைத் தாண்டி, அவளுக்குப் பின்னாலிருந்த நாற்காலியைப் பார்த்தார். மரியாதையாகத் தலையசைத்தார்.

“வேலை முடிய நேரமாகுமா சார்?”

அவள் திரும்பவில்லை. முதுகுக்குப் பின்னால் விசைகள் தடதடத்தன. நாற்காலி கிறீச்சிட்டது.

“இதோ, ரெண்டே நிமிஷம்.”