உள்ளே எதுவும் வரவில்லை

விடுமுறை நாளின் மதிய வெயிலில் தெரு ஆளரவமற்றுக் கிடந்தது. பழைய வீட்டின் கேட்டைத் திறந்த காவலாளி, அவள் தோளில் தொங்கிய கருவிப்பையைப் பார்த்துவிட்டு, "சார் வரலையாம்மா?" என்றார்.

"அவருக்கு உடம்பு முடியல. இனிமே நான்தான்."

வீடு இப்போது ஓர் அலுவலகம். கூடத்தில் மேசைகள், சமையலறையில் பிரிண்டர்கள். பின்பக்கப் படுக்கையறையில் சர்வர். காவலாளி நடைவரை வந்து நின்றுவிட்டார். அந்த அறைக்குள் கொஞ்ச நேரம் இருந்தால் போதும், தனக்குக் கண்ணைச் சொருகிக்கொண்டு வரும் என்றார். வயசாயிடுச்சு இல்ல என்று அவரே சிரித்துக்கொண்டார்.

ஜன்னலை அடைத்துப் பூசியிருந்தார்கள். தரையில், ஏதோ கனமான கட்டில் வெகுகாலம் நின்ற இடத்தில், நான்கு கால்களின் பள்ளம். அந்த நான்கு பள்ளங்களுக்கு நடுவே சர்வர் நின்றது.

அது வந்த நாளிலிருந்து ஒரே புகார். நன்றாக ஓடும், ஆனால் தனக்கு மின்சாரமே வரவில்லை என்று திரையில் எழுதிக் காட்டும். முதுகில் இரண்டு பவர் சப்ளை. இரண்டிலும் பச்சைக்குப் பதில், பழுதைக் காட்டும் ஆரஞ்சு விளக்கு. அவள் கணவன் மாதக்கணக்கில் இதோடு மல்லுக்கட்டினான். கேபிளை மாற்றினான், சாக்கெட்டை மாற்றினான், ஒன்றை ஓடவிட்டு மற்றதைக் கழற்றி இரண்டு பவர் சப்ளையையும் புதிதாக்கினான். விளக்கு மாறவில்லை. பச்சைப் பொய் சொல்லுது என்று வீட்டுக்கு வந்து சிரிப்பான். பிறகு சிரிக்கவும் தெம்பில்லாமல் வந்தான்.

இப்போது ஸ்பூனைத் தூக்கக்கூடக் கை எழாமல் படுத்துக் கிடக்கிறான். எல்லாப் பரிசோதனையும் குறையில்லை என்றே சொல்லின. ஊட்டியதைச் சாப்பிடுகிறான். சாப்பிட்டது எங்கே போகிறதென்று தெரியவில்லை.

முதலில் அவள் அவன் சோர்வைத் தன்மேல் வந்த சலிப்பு என்றுதான் நினைத்தாள். முதுகைக் காட்டிப் படுத்தவனைப் பார்த்தபடி, தன்னிடம் எந்த இடத்தில் பழுது என்று இரவெல்லாம் தன்னையே கழற்றிக் கழற்றிப் பார்த்தாள். அவன் எழ முடியாமல் விழுந்து, அது வியாதிதான் என்று தெரிந்த அன்று அவளுக்கு ஒரு கணம் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை அவள் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

இருவருக்கும் ஒரே கம்பெனி, ஒரே வேலை. எதையும் அளந்து பார்க்காமல் நம்பமாட்டாள் என்பதால் அவன் அவளுக்கு வைத்த பெயர் மீட்டர். இன்று காலை கிளம்பும்போது, உதடு மட்டும் அசைய, "அதை மட்டும் ஆஃப் பண்ணாத, மீட்டர்" என்றான்.

தொழில் கர்வம் என்று எடுத்துக்கொண்டாள். ஒருநாள்கூட அதை நிற்கவிட்டதில்லை என்பதில் அவனுக்கு அப்படியொரு பெருமை. ஆனால் அவன் செய்து பார்க்காத வைத்தியம் அது ஒன்றுதான். இன்றைக்கு அலுவலகம் அனுமதியும் கொடுத்திருந்தது. இரண்டு கேபிளையும் பிடுங்கிவிட்டு, முதுகிலுள்ள பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். உள்ளே மிச்சமிருக்கும் கரண்ட் வடிந்துவிடும். இயந்திரம் தன் பொய்யை மறந்து எழுந்திருக்கும். இந்தப் புகாரை முடிக்காவிட்டால் அவன் வேலை போய்விடும். அதைக் காப்பாற்றி வைப்பதுதான் அவனுக்காக அவளால் முடிந்தது.

முதலில் அளந்தாள். சாக்கெட்டில் கரண்ட் இருந்தது. பிளக்குக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே மாட்டும் சின்ன மீட்டரைச் செருகி, சர்வர் எவ்வளவு இழுக்கிறது என்று பார்த்தாள்.

பூஜ்யம்.

அடுத்த கேபிளும் பூஜ்யம்.

மீட்டர் கெட்டிருக்கும் என்று அதைப் பக்கத்திலிருந்த மேசை விளக்கில் மாட்டினாள். அங்கே எண் சரியாக ஏறியது. விளக்கை அணைத்துவிட்டு மீட்டரைக் கழற்றினாள்.

அப்படியானால் சர்வர் பொய் சொல்லவில்லை.

"இந்த ரூம்ல முன்னாடி யாரு இருந்தாங்க?" என்று திரும்பாமலே கேட்டாள். காவலாளி நடையிலிருந்தபடியே சொன்னார். வீட்டுக்காரர் குடும்பத்தில் ஒருத்தர் ஆண்டுக்கணக்காக அங்கே படுத்த படுக்கையாக இருந்தாராம். கூட இருந்து பார்த்துக்கொள்ள வந்தவர்கள் எல்லாம் அவருக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்தார்களாம். "அவரு மட்டும் போகவே இல்லியாம், அம்மா."

அவள் சர்வரை நிறுத்தும் கட்டளையைக் கொடுத்தாள். மேசைமேல் இருந்த திரை இருண்டது. சர்வரின் பின்னால் உட்கார்ந்து, இரண்டு கேபிளையும் பிடுங்கி மடியில் போட்டுக்கொண்டாள். உள்ளே அதை ஓட்டும் பேட்டரி எதுவும் கிடையாது.

ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

சீராக இல்லை. இழுத்தது, சிறிதாக ஒரு விக்கல் விக்கியது, விட்டது. பின்பக்கத்திலிருந்து வரும் காற்றில் உள்ளங்கையை வைத்தாள். இயந்திரத்தின் சூடு இல்லை அது, உடம்பின் சூடு. குனிந்து முகர்ந்தாள். அவன் தலையணையின் வாசனை.

வீட்டில் அவனுக்குத் துணையாக இருந்த நாத்தனாரைக் கூப்பிட்டு, போனை அண்ணன் மூக்குக்கிட்டப் பிடிக்கச் சொன்னாள்.

"என்ன அண்ணி, குறட்டையையும் அளக்கப் போறீங்களா?" என்றது அந்தப் பெண். ஆனாலும் பிடித்தது.

இழுத்தது. விக்கியது. விட்டது. போனிலும் எதிரிலும், ஒரே நேரத்தில்.

அவளுக்குள் பயத்தைவிட முதலில் எழுந்தது கோபம்தான். இவ்வளவு நாளும் அவளுக்கு வராமல் போனதெல்லாம் இங்கேதான் வந்திருக்கிறது. இதை நிறுத்தினால் அவன் மீள்வான். வேறெப்படி இருக்க முடியும்? போனைத் தரையில் வைத்தாள். பொத்தானில் கட்டை விரலை வைத்து அழுத்தினாள்.

ஃபேன் தளர்ந்தது.

"அண்ணி, அண்ணன் எந்திரிச்சு உட்காந்துட்டான்." போனில் நாத்தனாரின் குரல் உடைந்தது. "தானாவே உட்காந்துட்டான், அண்ணி."

அவள் கண்ணில் நீர் முட்டியது. இன்னும் பலமாக அழுத்தினாள்.

"என்னமோ சொல்றான். இருங்க, போனைக் குடுக்கறேன்."

அவன் குரல் தெளிவாக, வெகு அருகில் கேட்டது. "மீட்டர். கைய எடு."

கை எங்கே இருக்கிறதென்று அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

அவன் பேசிவிட்டான் என்பது மட்டும்தான் அவளுக்குப் புரிந்தது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். உள்ளே மிச்சமிருப்பதெல்லாம் வடிந்துவிட்டால் போதும்.

ஃபேன் கடைசியாக ஒருமுறை இழுத்தது.

விடவில்லை.

அறையில் அவள் அதுவரை கேட்டறியாத ஓர் அமைதி. போனிலும் அதே அமைதி. பிறகு, மிக மெல்ல, "அண்ணி" என்றது அந்தப் பெண். "இழுத்த மூச்சை அண்ணன் விடவே இல்ல."

மிச்சமிருந்தது எது என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

விரலை எடுக்கப் பார்த்தாள். எடுப்பதற்கான தெம்பு தோளிலிருந்து இறங்கி வரவில்லை. கேபிள்கள் இரண்டும் மடியில் கிடந்தன. சர்வரின் முதுகில் முதலில் ஓர் ஆரஞ்சு விளக்கு, பிறகு இன்னொன்று. ஃபேன் அசைந்து, சுழன்று, வேகம் பிடித்தது. திரையில் அதே வரி வந்து நின்றது: உள்வரும் மின்சாரம் இல்லை.

நடையிலிருந்து காவலாளி எட்டிப் பார்க்காமலே கேட்டார்: "ஓடுற சத்தம் கேக்குதே. சரியாயிடுச்சாம்மா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தாள். மூச்சை இழுத்தபோது ஃபேனும் இழுத்தது.

காற்று முகத்தில் இதமாகப் பட்டது. அதில் இப்போது அவன் வாசனை இல்லை. காலையில் அவள் குளித்த சோப்பின் வாசனை இருந்தது.