சக்கரத்துக்கு இட்ட எண்ணெய்

மழைக்கு ஒதுங்கத்தான் இன்னாசிமேரி அந்தக் கரி பஸ்ஸில் ஏறினாள். யுத்தம் வந்து பெட்ரோலுக்குப் பஞ்சமான பிறகு, முதுகில் கரி அடுப்பைச் சுமந்துகொண்டு அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் ஓடும் பஸ். இறங்கும்போது பார்த்தால், கஞ்சி போட்ட வெள்ளைப் புடவையில் உள்ளங்கை அகலத்துக்குக் கரி.

"இதுக்கு மாட்டுக் கொட்டாயிலயே ஒதுங்கியிருக்கலாம்," என்றாள், டிரைவர் காதில் விழும்படி.

அவன் திரும்பிப் பார்த்தான். கோபமே இல்லாத கண்கள்... மழை நின்ற பிறகு குளம் கிடக்குமே, அப்படி.

பெரம்பலூர்ப் பள்ளிக்கூடத்தில் அவள் டீச்சர், வாரக் கடைசியில் மட்டும் வீட்டுக்கு வருவாள். அடுத்த திங்கட்கிழமை அதே பஸ்ஸில்தான் போக வேண்டியிருந்தது. முன் சீட்டு ஈரத்துணியால் துடைத்துச் சுத்தமாக இருந்தது. அதற்கடுத்த திங்களும் அப்படியே. துடைத்தவன் யார் என்று கேட்க வேண்டியதில்லை, அவன் தோளில் கிடந்த துண்டு கறுத்துப் போயிருந்தது. ஒரு வார்த்தை அவள்தான் சொல்லியிருக்க வேண்டும். தெரிந்தும், ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். படித்தவள் என்கிற வீம்பு... அந்த வீம்பு மனசுக்குள் என்றைக்கோ உதிர்ந்துவிட்டது, முகத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

அவன் பெயர் பிலவேந்திரன், வரதராசன்பேட்டைக்காரன் என்பதெல்லாம் கண்டக்டர் அரியமுத்து யார் யாரிடமோ பேசியதிலிருந்து பொறுக்கிச் சேர்த்தவை.

தை பிறந்ததும் முன் சக்கரம் ஒன்று கத்த ஆரம்பித்தது. பிரேக் போடும்போதெல்லாம் அடிபட்ட நாய் மாதிரி ஊளையிட்டது. என்றைக்காவது கழன்று ஓடிவிடும், முதலில் போவது டிரைவர்தான் என்று பின் சீட்டில் பேசிக்கொண்டார்கள். அவளுக்கு அன்று இரவு சோறு இறங்கவில்லை.

ஏலாக்குறிச்சியில் அவள் வீட்டில், மாதா கோயில் விளக்கிலிருந்து கொஞ்சம் இலுப்பெண்ணெய் கொண்டுவந்து வைத்திருப்பார்கள். அம்மாவின் முட்டி வலிக்கும் அதுதான், கன்றுக்குட்டியின் கால் வீக்கத்துக்கும் அதுதான். திங்கட்கிழமை காலையில், அடுப்பு பற்றட்டும் என்று பிலவேந்திரன் டீ குடிக்கப் போயிருந்தான். அவள் சீசாவோடு பஸ் ஓரம் குனிந்தாள். டயரில் விரலால் ஒரு சிலுவை போட்டாள். மிச்சத்தைச் சக்கரத்தின் பின்பக்க இடுக்கில் ஊற்றினாள்... கத்துகிற இடத்தில்தானே வலி.

கத்தல் நின்றது. அன்றைக்கே உதறல் ஆரம்பித்தது.

பிரேக்கில் கால் வைத்தால் போதும், பஸ் குளிர்ஜுரம் வந்தது போல் நடுங்கி ஒரு பக்கமாக இழுத்தது. அவன் ஆணிகளை முறுக்கிப் பார்த்தான். சக்கரத்தைத் தூக்கி ஆட்டிப் பார்த்தான். ஒன்றும் பிடிபடவில்லை. வாரம் முடிவதற்குள், நடுங்குவது பஸ் இல்லை, குடிகாரன் கை என்று ஊர் பேசியது. அதைக் கேட்டபோதும் அவளுக்கு விளங்கவில்லை. யாரோ அவனைத் தூற்றுகிறார்கள் என்றுதான் கொதித்தாள்.

மறு திங்கள் முதலாளியே பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தார். மருதையாற்றுச் சரிவில் பிரேக் போட்டதும் அவர் தலைப்பாகை மடியில் விழுந்தது. பஸ்ஸை ஓரம்கட்டச் சொன்னார்.

பிலவேந்திரன் இறங்கி ஒவ்வொரு சக்கரமாகத் தொட்டுப் பார்த்தான். மூன்றில் சட்டென்று கையை எடுத்தான், சூடு. நாலாவதில் கை அப்படியே நின்றது. சூடே இல்லை, அந்தப் பிரேக் பிடிக்கவே இல்லை. கழற்றினான். உள்ளே பிரேக் பட்டை கறுத்து ஊறியிருந்தது. விரலால் வழித்து முகர்ந்தான்.

"இலுப்பெண்ணெய்," என்றான், தனக்கே சொல்லிக்கொள்வது போல.

இன்னாசிமேரிக்கு அப்போதுதான் விளங்கியது. வலி என்று நினைத்து ஊற்றினது... விஷமாகப் போயிருக்கிறது.

"எண்ணெய் தானா நடந்து வந்து ஏறுச்சா? எந்தப் போதையில ஊத்துனியோ," என்றார் முதலாளி. "பெரம்பலூரோட எறங்கிக்க. நாளைக்கு வேற ஆளு."

அவன் எண்ணெய்க் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டான். அவள் சொல்லாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. சொன்னால், கல்யாணமாகாத டீச்சர் டிரைவர் வண்டிக்கு எண்ணெய் இட்ட கதை சாயங்காலத்துக்குள் இரண்டு ஊரும் சுற்றும். அவன் துடைத்து வைத்த அந்தச் சீட்டை அவள் பார்த்தாள். பிறகு இறங்கினாள்.

"நான்தாங்க ஊத்துனேன். மாதா கோயில் எண்ணெய், அம்மா முட்டி வலிக்குச் சீசால வச்சிருந்தது. அவரு குடிக்கிறதில்ல."

இறங்கி நின்ற ஜனம் அவள் பக்கம் திரும்பியது. அரியமுத்து, "டீச்சரம்மா பஸ்ஸுக்கே நலுங்கு வச்சுட்டாங்க," என்றான். சிரிப்பு எழுந்தது. முகம் எரிய, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முதலாளி தலைப்பாகையைத் தட்டி வைத்துக்கொண்டு, சீக்கிரம் கிளப்பச் சொல்லிப் புளியமரத்து நிழலுக்குப் போனார். வேற ஆள் பேச்சை அவர் மறுபடி எடுக்கவில்லை.

பிலவேந்திரன் பட்டையை அரத்தால் சுரண்டி, பின்னால் கரி அடுப்பைத் திறந்து கங்கில் காட்டினான். எண்ணெய் புகைந்து வெளியேறியது. பூசை நேரத்துக் கோயில் வாசம். அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

"அன்னைக்கு மாட்டுக் கொட்டாய்னு சொன்னது தப்பு," என்றாள்.

"நெசந்தானே."

பட்டையைத் திருப்பிக் காட்டியபடி அவன் கேட்டான்.

"சக்கரத்துக்கு ஊத்துனீங்க, சரி... யாருக்கு வேண்டிக்கிட்டீங்க?"

கங்கு சிவந்து அடங்கியது.

"ஓட்டுறவருக்கு," என்றாள். தலை நிமிரவில்லை.

அவன் கை ஒரு கணம் நடுங்கியது... ஊர் சொன்னது அன்றைக்கு மட்டும் உண்மை.

"எங்கம்மாவுக்கும் முட்டி வலிங்க," என்றான் மெதுவாக. "நீங்க சீசால எடுத்துக்கிட்டு வர வேணாம். ஞாயித்துக்கெழம அவங்களையே கூட்டிக்கிட்டு உங்க வூட்டுக்கு வரேன்."

பஸ் கிளம்பியது. அடுத்த சரிவில் பிரேக் போட்டான். ஓர் உதறலும் இல்லை. சக்கரம் மட்டும் பழையபடி ஊரைக் கூட்டிக் கத்தியது. எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டார்கள், முன் சீட்டுக்காரியைத் தவிர.