பதினோரு மணிக்குக் கடல்நீர்

“சீஃப்! மூடியைத் திறங்க!”

கப்பலின் அடித்தொட்டி இருட்டில் கத்தினான் செகண்ட் இன்ஜினியர். மேலே கடைசி நட்டும் இறுகிவிட்டது.

தொட்டியில் விரிசலாம், போய்ப் பார் என்று சீஃப் இன்ஜினியர் சொன்னதை நம்பி இறங்கியிருந்தான். எண்ணெய்க் கழிவைத் திருட்டுத்தனமாகக் கடலில் விடும் குழாயை அவன் செல்போனில் படம் எடுத்தது அவருக்குத் தெரிந்துபோயிருந்தது.

மணி பத்து இருபது.

பதினோரு மணிக்கு இந்தத் தொட்டியில் கடல்நீர் ஏற்றுவார்கள். சரக்கு இறக்கிய கப்பல் சாயாமல் நிற்க வேண்டுமே...

சிக்னல் இல்லை. ஸ்பானரால் தட்டினான். ஜெனரேட்டர் இரைச்சலில் அவனுக்கே கேட்கவில்லை.

அதே நேரம், கப்பல் ஏணியில் ஏறிக்கொண்டிருந்த மாசுத் தடுப்பு அதிகாரியின் போன் அலறியது.

“மேடம், செகண்ட் இன்ஜினியரோட மனைவி பேசறேன். இன்னிக்கு உங்ககிட்ட குழாயைக் காட்டப்போறேன்னாரு. அரை மணி நேரமா அவருக்குப் போன் போகல... அவர் குடுத்து வெச்ச உங்க நம்பருக்குப் போட்டேன்.”

சீஃப் பல்லெல்லாம் தெரிய அதிகாரியை வரவேற்றார். செகண்ட் லீவில் ஊருக்குக் கிளம்பியாச்சு என்றார், கண் இமைக்காமல்.

இன்ஜின் அறையைச் சல்லடை போட்டுச் சலித்தாள். குழாய் இருந்த இடத்தில் புதுப் பெயின்ட்! ‘குறை எதுவும் இல்லை’ என்ற படிவத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார் சீஃப்.

மணி பதினொன்று.

தொட்டிக்குள் சில்லென்று தண்ணீர் காலைத் தொட்டது. மனைவியின் முகம் நினைவுக்கு வர, வாய்விட்டு அழுதான்.

மேலே, திரும்பும் வழியில் அதிகாரி நின்றாள். தரையில் இரும்பு மூடி. பக்கத்துக் கம்பியில் சிவப்புப் பலகை.

‘ஆள் உள்ளே.’

“சீஃப்... யாரு உள்ளே?”

அவர் முகம் வெளுத்தது. இருபத்தெட்டு வருஷப் பழக்கம்! தொட்டிக்குள் ஆள் இறங்கினால் பலகையை மாட்டு. வெளியே வந்தால் கழற்று. செகண்ட் இறங்கியதும் கை தானாக மாட்டிவிட்டது. ஆள் வெளியே வரவில்லை... கை கழற்றவும் இல்லை!

“பம்பை நிறுத்துங்க!” கத்தினாள் அதிகாரி.

நட்டுகள் கழன்றன. முழங்கால் தண்ணீரில் நடுங்கிக்கொண்டு நின்றான் செகண்ட், செல்போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி.

முதல் வேலையாக மனைவிக்குப் போன் போட்டாள் அதிகாரி. “நனைஞ்சிருக்காரும்மா. மத்தபடி நல்லா இருக்காரு.”

பிறகு, இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவில் தலைகுனிந்து நின்ற சீஃபிடம் திரும்பினாள்.

“கவலைப்படாதீங்க. ரிப்போர்ட்ல உங்களைப் பத்தி ஒரு நல்ல வார்த்தை எழுதியிருக்கேன்... ‘பாதுகாப்புப் பலகை உரிய இடத்தில் இருந்தது.’”