கணவாய்க் கற்குவியல்

மாரியம்மன் கோயில் வாசலில் அன்று இருந்தவர்கள் இவர்கள்: ஊர்க்கவுண்டர் ராமசாமி, எருது வளர்க்கும் தீர்த்தகிரி, அவர் மனைவி மங்கம்மாள், மகள் மாதேஸ்வரி, எதிர்வீட்டுச் சென்னையன். வேறு யாரும் இல்லை.

எருதுவிடும் விழாவில் முதலில் ஓடுவது தீர்த்தகிரி வீட்டு எருதுதான். ஊர் மலைமேல் இருந்த காலத்தில், மாடு கவர வந்தவர்களை வழிமறித்து உயிர்விட்டவர் அந்த வீட்டு முன்னோர். அதற்கான மரியாதை அது. அதைத்தான் சென்னையன் அன்று பிடித்து உலுக்கினார்.

"ஊருக்காகச் செத்தவனுக்கெல்லாம் கல்லு நட்டிருக்காங்க. உங்க பாட்டன் கல்லு மட்டும் எங்க மச்சான்? கால் முளைச்சு நடந்து போயிடுச்சா?"

தீர்த்தகிரியின் முகம் கறுத்தது. அவரும் அவர் அப்பாவும் மலைமேல் இருக்கும் பாழுங்கோட்டையைச் சலித்துத் தேடி, வெறுங்கையோடு திரும்பியவர்கள்.

"விழாவுக்குள்ள கல்லைக் காட்டு, தீர்த்தகிரி" என்றார் ஊர்க்கவுண்டர். "இல்லேன்னா இனிமே சீட்டுக் குலுக்கித்தான் முதல் எருது."

"நான் போய்ப் பார்க்கிறேன்" என்றாள் மாதேஸ்வரி.

"தனியாவா? சித்தப்பா பசங்களைக் கூட்டிக்கிட்டுப் போடி" என்றாள் மங்கம்மாள்.

"வேணாம்மா. நாலு ஆம்பளைங்க கூட வந்தா, அவங்களே தூக்கிட்டுப் போய் நட்டுட்டாங்கன்னு மாமா சொல்லுவாரு."

சென்னையன் சிரித்துவிட்டார். "விவரமானவதான். மேல கரடி இருக்கும், பாட்டுப் பாடிக்கிட்டே போ. உன் குரலைக் கேட்டா அதுவா ஓடிடும்."

மறுநாள் விடிந்ததும் மாதேஸ்வரி கிளம்பினாள். தோள்பையில் கேழ்வரகு அடை, தண்ணீர், கையில் ஒரு தடி. கரடிக்காகப் பாடினாளா என்று கேட்டால், பாடினாள்; உரக்கவே பாடினாள். முள்ளும் பாறையும் தாண்டிக் கணவாய்க்கு வந்தபோது, வழியோரம் ஆளுயரத்துக்குக் கற்குவியல் ஒன்று நின்றது. ஆடு மேய்க்கும் ஓபுளியம்மாள் அதன்மேல் ஒரு கல்லைப் போட்டுக் கும்பிட்டாள்.

"நீயும் போட்டுட்டுப் போ, பொண்ணே. இந்த வழியா போற எல்லாரும் போடணும்."

"எதுக்குக்கா?"

"எங்க ஆயா போட்டா, நானும் போடறேன். எதுக்குன்னு யாருக்குத் தெரியும்?"

மாதேஸ்வரியும் ஒரு கல்லைப் போட்டுவிட்டு மேலே ஏறினாள்.

கோட்டை அழகாகத்தான் பாழாகிக் கிடந்தது. இடிந்த மதிலில் அத்திமரம் முளைத்திருந்தது. வறண்ட குளத்தின் படிகளில் உடும்பு வெயில் காய்ந்தது. கூரையில்லாத மண்டபத்தில் தூண்தூணாகத் தடவிப் பார்த்தாள். மீன் இருந்தது, யாளி இருந்தது, வீரன் இல்லை. புதரைத் தட்டியதில் தேனீக்கள் கிளம்பின. முந்தானையைத் தலையில் போர்த்திக்கொண்டு ஓடி, படிக்கட்டில் சறுக்கி, குளத்துக்குள் போய் உட்கார்ந்தாள். அங்கேயே அடையைத் தின்றபடி யோசித்தாள்.

வழிமறித்தவர் கோட்டைக்குள்ளா விழுந்திருப்பார்? மாடுகளை ஓட்டிக்கொண்டு இறங்க அந்தக் கணவாயை விட்டால் வேறு வழியே இல்லையே. மரியாதைக்குக் கல் போடுகிறார்கள் என்றால், யாருக்கு?

பாதி அடையைப் பையில் திணித்துக்கொண்டு இறங்கினாள். குவியலில் அவள் கை வைத்ததுமே ஓபுளியம்மாள் ஓடிவந்தாள்.

"எடுக்காதே! கல்லு போடலாம், எடுத்தா கை விளங்காமப் போயிடும்."

"உள்ள எங்க பாட்டன் இருந்தா என் கையை எதுக்குக்கா முடக்கப்போறாரு?"

"இல்லேன்னா?"

மாதேஸ்வரி ஒரு கணம் யோசித்தாள். "அப்போ இடது கையாலயே எடுக்கிறேன்."

ஒவ்வொன்றாக எடுத்துப் பக்கத்தில் அடுக்கினாள். கருந்தேள் ஒன்று விரலை நோக்கி வந்தது, தடியால் தள்ளிவிட்டாள். தோள் கடுத்தது. வெயில் சாய்ந்த நேரத்தில் ஒரு பலகைக்கல்லின் விளிம்பு தெரிந்தது. அப்புறம் ஒரு கொண்டை, ஓங்கிய வாள், மார்பில் தைத்த அம்பு. அவர் முதுகுக்குப் பின்னே பத்திரமாக நிற்கும் பசுக்கள்.

வலது கையால் அந்த முகத்து மண்ணைத் துடைத்தாள்.

மறுநாள் கோயில் வாசலில் இருந்த அந்த ஐவரும் மலை ஏறினார்கள். ஒருத்தியால் அசைக்க முடியாத கல் என்பதைச் சென்னையன் தாமே தள்ளிப் பார்த்துத் தெரிந்துகொண்டார். கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"நானும் வருஷா வருஷம் இங்க கல்லு போட்டிருக்கேன், மச்சான். எல்லாருமா சேர்ந்து மனுஷனை மூடிட்டோமே."

"எங்க அப்பாவும்தான் போட்டாரு, நானும்தான் போட்டேன்" என்றார் தீர்த்தகிரி. "இனிமே பூப் போடுவோம்."

விழாவில் முதல் எருது அவர் வீட்டிலிருந்தே ஓடியது. கும்பிடுகிறவர்கள் எதைக் கும்பிடுகிறோம் என்று இடையிடையே கேட்டுக்கொள்வது நல்லது.

மாதேஸ்வரி கோட்டையில் தங்கக் குடம் எடுத்து மறைத்துவிட்டாள் என்று சந்தையில் ஒரு பேச்சு உலவுகிறது. அது பொய். அவள் கண்டெடுத்தது ஒரு கல். அது நட்ட இடத்திலேயே நிற்கிறது.