மணிக்கு இருபது கிராம்

தொட்டிக்குப் போகும் காற்றை நிறுத்திய பிறகு ஆக்சிஜன் மீட்டரில் எண் அசையாமல் நிற்க வேண்டும். அது இறங்கிக்கொண்டிருந்தது.

புதுத் தொட்டி, ஒரு சொட்டுக் கழிவுநீர்கூட இன்னும் உள்ளே விடவில்லை. நாற்பதாயிரம் லிட்டர் நல்ல தண்ணீரை நிரப்பி, ப்ளோயர் எவ்வளவு காற்றைக் கரைக்கிறது, மிக்சர் அதை மூலைமுடுக்கெல்லாம் கொண்டுபோகிறதா என்று அளந்து சொல்வதுதான் அவள் வேலை. கழிவுநீரில் கிருமிகள் மூச்சு விடும், ஆக்சிஜன் குறையும். நல்ல தண்ணீரில் மூச்சு விட யார் இருக்கிறார்கள்?

"மீட்டர் கோளாறா இருக்கும் மேடம்," என்றார் ஆபரேட்டர். "வேற ஒண்ணு எடுத்துட்டு வரேன். ஓரமா மட்டும் நிக்காதீங்க."

ஏன் என்று அவள் கேட்கவில்லை. பக்கத்துப் பழைய தொட்டியில்தான் மூன்று மாதம் முன்பு அவள் கணவன் விழுந்தான். குமிழி நிறைந்த தண்ணீர் ஆளைத் தாங்காது. நீச்சல் தெரிந்தவனும் கல்லாட்டம் உள்ளே போய்விடுவான். தொட்டியை வடித்துப் பார்த்தார்கள். சகதிதான் இருந்தது, ஆள் இல்லை. அவள் அழவில்லை. ஊசி போட்ட ஈறுபோல நெஞ்சு மரத்துக் கிடந்தது. அடுத்த வாரமே வேலைக்கு வந்துவிட்டாள்.

வெயில் சாய்ந்திருந்தது. ஈர சிமெண்ட் வாடைக்கும், மிக்சரின் தூக்கம் வரவழைக்கும் முனகலுக்கும், தண்ணீரில் நெளிந்து நெளிந்து ஒட்டிக்கொள்ளும் கம்பிப் பாலத்தின் நிழலுக்கும் நடுவில் உட்கார்ந்து, பழக்கதோஷத்தில் கணக்குப் போட்டாள். ஒரு மணி நேரத்தில் லிட்டருக்கு அரை மில்லிகிராம் ஆக்சிஜன் குறைகிறது. மொத்தத் தொட்டிக்கு மணிக்கு இருபது கிராம்.

அந்த எண் அவளுக்குத் தெரியும். சும்மா படுத்திருக்கும் ஓர் ஆளுக்கு மூச்சு விட அவ்வளவுதான் வேண்டும்.

மிக்சரை நிறுத்தினாள். தண்ணீர் அடங்கியது. தொட்டிக்குள் இறங்கும் ஏணிக்கு நேர் கீழே ஒரு குமிழி வந்து உடைந்தது. சற்று இடைவெளி. மறுபடி ஒன்று.

"ஏங்க," என்றாள். வீட்டில் கூப்பிடும் அதே குரலில்.

குமிழி நின்றது.

மீட்டரில் எண் மளமளவென்று சரிந்தது. அவள் கணக்கு ஏறியது. மணிக்கு நாற்பது கிராம். எண்பது. படுத்திருந்தது எழுந்துவிட்டது.

ஓட வேண்டும் என்று தெரிந்தது. ஓடவில்லை. பயம், பக்கத்து வீட்டு அழுகைபோல, எங்கோ கேட்டது.

இரும்பு ஏணி. பகலெல்லாம் காய்ந்த படிகள்.

தண்ணீருக்கு மேலே முதல் படி நனைந்தது. யாரும் இல்லை. அடுத்த படி. அதற்கடுத்தது.

"மேடம், இந்த மீட்டர்..." பின்னால் ஆபரேட்டரின் குரல் பாதியில் அறுந்தது.

கடைசிப் படியும் நனைந்தது. அவள் ஓரடி ஒதுங்கி, இடம் விட்டு நின்றாள்.