நிலைக்காத எடை

காலை ஒன்பது மணிக்குப் பானை வந்தது. ஜீப் ஓட்டுநர் அதைக் கல்மேசையில் வைத்தார், கையெழுத்து வாங்கினார், உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டே படியேறிப் போனார்.

ஆய்வகம் தரைக்குக் கீழே இருந்தது. சன்னல் கிடையாது. பானையை வைத்ததும் அறை முழுக்க ஈரமண் வாசம்.

அனுமதியில்லாமல் ஒரு மேட்டைத் தோண்டியவர்கள் எடுத்த புதையல் அது. தங்க வளையல்களும் காசுகளும் கருவூலத்துக்குப் போய்விட்டன. பானையும் அதன் அடியில் ஒட்டியிருந்த மண்ணும் மட்டும் மண் ஆய்வாளரான அவளிடம் வந்தன. புதையலை வாங்கிய வியாபாரியோ, அது பரம்பரைச் சொத்து, தலைமுறையாக வீட்டு அலமாரியில் இருந்தது என்று சாதிக்கிறான். பானை மண்ணும் மேட்டு மண்ணும் ஒன்றே என்று அவள் எழுதிக்கொடுத்தால் அந்தப் பொய் உடையும். இல்லையென்றால், நாளைக் காலை நீதிமன்றத்தில் எல்லாமே அவன் கைக்குப் போய்விடும். இதற்கு முன் இரண்டு வழக்குகள் அப்படித்தான் கைநழுவிப் போயின.

முதலில் மண்ணை உலர்த்த வேண்டும். மின்னடுப்பில் நூற்றைந்து டிகிரி சூட்டில் வைத்து, மணிக்கொரு தடவை ஆறவிட்டு நிறுக்க வேண்டும். அடுத்தடுத்து இரண்டு முறை ஒரே எடை வந்தால் உலர்ந்துவிட்டது என்று பொருள். மற்ற சோதனைகள் அதற்குப் பிறகுதான்.

ஒப்பிட எடுத்து வந்திருந்த மேட்டு மண் மூன்று மணி நேரத்தில் சொன்ன பேச்சுக் கேட்டது.

பானை மண் கேட்கவில்லை.

42.31 கிராம். அடுத்த மணியில் 42.90. அதற்கடுத்து 43.44. அடுப்பிலிருந்து எடுத்த மண் எடை கூடுமா? அவள் கிண்ணத்தை மாற்றினாள். அடுப்பை மாற்றினாள். மதியச் சாப்பாட்டை மறந்தாள்.

"ஃபேன் காத்தா இருக்கும்மா," என்றார் உதவியாளர் அண்ணன்.

"ஃபேன நிறுத்தி ரெண்டு மணி நேரமாச்சுண்ணே."

"அப்போ கத்திரிக்காய் மாதிரி வதக்கிப் பாத்துடுவோமா?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மின்தராசின் கண்ணாடிக் கதவுகளை மூடினாள். உள்ளே காற்றுப் புக வழியில்லை. ஆனாலும் எண் நிற்கவில்லை.

மெல்ல ஏறியது. மெல்ல இறங்கியது.

மறுபடியும் ஏறியது.

நான்கு மணிக்கு அதிகாரி போனில் கூப்பிட்டார். ஆய்வகத்தில் அவருக்கு 'அவசரம்' என்று பெயர்.

"ஏம்மா, முடிஞ்சுதா?"

"மண்ணு காயல சார்."

"காயலன்னு கோர்ட்ல எழுதிக் குடுத்தா ஜட்ஜ் சிரிப்பாரு. ரெண்டு தடவ மானம் போனது போதாதா?"

அவள் எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாதவள். போனை வைத்துவிட்டு அறிக்கைத் தாளை இழுத்துவைத்தாள். பிறகு, வாழ்க்கையில் முதல்முறையாக, வராத எண்ணை எழுதினாள். 41.62. அதன் கீழே மறுபடியும் 41.62. 'உலர்ந்தது. மண்ணில் வேறெதுவும் எஞ்சவில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

மனது கேட்காமல் கிண்ணத்தை இன்னொரு முறை நிறுத்தாள்.

41.62.

எண் அசையவில்லை.

மண்ணைத் தொட்டாள். மாவு போலிருந்தது. நாளெல்லாம் படுத்திவிட்டு இப்போதா என்று ஆத்திரம் வந்தது. மிச்சச் சோதனைகள் ஒரு மணி நேரத்தில் முடிந்தன. இரண்டும் ஒரே மண். எழுதியபோது பொய்யாயிருந்த அந்த எண்ணும் வந்துவிட்டது; இனி அறிக்கையில் பொய் இல்லை.

மறுநாள் வழக்கு ஜெயித்தது. நீதிமன்ற நடைவழியில், ஜாமீனில் வந்திருந்த தோண்டியவர்களில் ஒருவன் அவளை நிறுத்தினான்.

"அந்த மண்ண என்னம்மா பண்ணீங்க?"

"காயவெச்சோம்."

"காஞ்சிடுச்சா?"

"ம்."

"எங்ககிட்ட ஒரு வாரம் வெயில்ல கெடந்தும் காயலயே." அவன் சுவரோடு ஒட்டி வழிவிட்டான். தனியாக வந்தவளுக்கு, இரண்டு பேர் சேர்ந்து போக எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவு விட்டான்.

அவள் ஆய்வகத்துக்குத் திரும்பியபோது மேசை துடைத்துச் சுத்தமாக இருந்தது.

"பானையும் மண்ணும் கருவூலத்துக்குப் போயாச்சும்மா. டீ வாங்கிட்டு வரேன்," என்று அண்ணன் படியேறினார்.

ஈரமண் வாசம் மட்டும் போகவில்லை.

அவள் தராசின் சுவிட்சைப் போட்டாள். தட்டில் ஒன்றுமில்லை. கண்ணாடிக் கதவுகள் மூடியிருந்தன.

0.00.

0.03.

0.00.

தன் மூச்சுத்தான் என்று சொல்லிக்கொண்டு மூச்சை அடக்கினாள்.

எண்ணும் நின்றது.

பத்து நொடி. இருபது. முப்பது. நெஞ்சு முட்டியது, காது அடைத்தது. அவள் விடவில்லை.

அவள் விடுவதற்கு முன்னால் அது மூச்சை விட்டது: 0.03.