கட்டில் பலகையும் நாற்பது நாய்களும்

ஏழு.

பிரிட்ஜ் கதவில் இருந்த சின்னத் திரையில் எண் மாறியதை வாண்டு பார்த்துவிட்டாள். அரை மணி முன்பு அது ஆறாக இருந்தது.

"அம்மா, ஏழு ஆயிடுச்சு."

அம்மா கால்நடை டாக்டர். பிரிட்ஜுக்குள் நாற்பது நாய்களுக்கான வெறிநோய்த் தடுப்பூசி இருந்தது. எட்டு டிகிரியைத் தாண்டினால் அதை நம்பிப் போட முடியாது. மறுநாள் காலை மலைமேல் முகாம். ஊர்ப் பிள்ளைகள் ஆளுக்கொரு நாயைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

சாலையின் குறுக்கே மரம் விழுந்து இரண்டு மணி நேரமாகிறது. கட்டில், அடுப்பு, மேசை எல்லாம் உள்ளேயே இருக்கும் அவர்களது வீட்டு வேன், சாலையோரம் ஒதுங்கி நின்றது. முன்னால் ஒரு பஸ். பின்னால் ஒரு லாரி.

"பேட்டரிக்கு மாத்திடறேன்," என்றார் அப்பா. வேன் ஓட்டுவது அவர்தான். கேஸ், பேட்டரி, கரண்ட் மூன்றில் எதிலும் ஓடக்கூடிய அந்த பிரிட்ஜ் இப்போது கேஸில் ஓடிக்கொண்டிருந்தது.

"வண்டி ஓடினாத்தானே பேட்டரி ஏறும்? நிக்கிற வண்டியில பிரிட்ஜ் அதை மொத்தமா குடிச்சிடும். மரத்தை எடுத்ததும் எல்லாரும் போவாங்க, நாம மட்டும் இங்க குடித்தனம் பண்ணலாம்," என்றாள் அம்மா.

"அப்போ எஞ்சினை ஓட விடறேன்."

"டீசல் முள்ளு எங்க நிக்குதுன்னு பாத்தீங்களா?"

அப்பா பார்க்கவில்லை. பார்க்க விரும்பவும் இல்லை.

"கரண்ட்ல சொருகலாம்னா, அந்த மரத்துலதான் சொருகணும், டாக்டரம்மா. கேஸ் நீலமா நல்லாத்தான் எரியுது. ஆனா குளிர மாட்டேங்குதே."

வாண்டுவின் பென்சில் மேசையிலிருந்து உருண்டு விழுந்தது. மூன்றாவது முறை. எடுக்கக் குனிந்தவள் அப்படியே நின்றாள்.

பிரிட்ஜின் அடியில் ஒரு ஸ்டிக்கர். சாய்ந்து நிற்கும் வேன். அதன் மேல் சிவப்புக் கோடு. வேனைக் கவிழ்க்காதே என்று சொல்கிறார்கள் என இத்தனை நாளாக நினைத்திருந்தாள். அதன் பக்கத்தில் ஒரு தீச்சுடர் இருப்பதை இப்போதுதான் கவனித்தாள்.

பென்சிலை மறுபடி மேசையில் வைத்தாள். அது இடப்பக்கமாக ஓடியது.

"அப்பா, வேன் சாஞ்சு நிக்குது. சாஞ்சு நின்னா கேஸ்ல குளிராதாம். இங்க படமே போட்டிருக்கு."

அப்பா குனிந்து பார்த்தார். தலையைச் சொறிந்தார். "மூணு வருஷமா இது இங்கயேவா இருக்கு?"

"இடப்பக்க டயருக்கு அடியில ஏதாவது வைக்கணும்," என்றாள் அம்மா. "கனமா, தட்டையா..."

வாண்டு தன் கட்டிலைப் பார்த்தாள். புதுக் கட்டில். அப்பாவை நச்சரித்து வாங்கியது. படுக்கைக்குக் கீழே நான்கு தடித்த பலகைகள்.

ஒரு பெருமூச்சு விட்டாள். பிறகு படுக்கையைச் சுருட்டினாள்.

"என்னுதை எடுத்துக்கோங்க."

முன் டயருக்கு இரண்டு, பின் டயருக்கு இரண்டு. பஸ்ஸுக்குப் பின்னால் இருந்த ஓர் அடி இடத்தில் அப்பா வேனை மெல்ல ஏற்றினார். பென்சில் மேசையில் அசையாமல் கிடந்தது.

ஏழு. வெகுநேரம் ஏழு. அப்பா பிரிட்ஜ் கதவைத் திறந்து பார்க்கக் கை நீட்டும்போதெல்லாம் அம்மா அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

மரத்தை அறுத்து முடித்தபோது திரையில் ஆறு. வண்டிகள் நகர்ந்தன. அப்பா வேனைப் பலகைகளிலிருந்து இறக்கி, அவற்றை எடுத்து உள்ளே போட்டுக்கொண்டார்.

மறுநாள் நாற்பது நாய்களுக்கும் ஊசி போட்டாயிற்று. கடைசி நாய் மட்டும் அப்பாவின் செருப்பைக் கவ்விக்கொண்டு ஓடியது.

வாண்டு அன்று மதியம் தன் கட்டிலில் காலை நீட்டிப் படுத்தாள். படுக்கைக்கு வெளியே தெரிந்த பலகை ஓரத்தில் பதிந்திருந்த டயர் தடத்தை அப்பா துடைக்க வந்தார்.

"விடுங்கப்பா," என்றாள். "அது அப்படியே இருக்கட்டும்."